நிறத்துக்கு முன்னால் வெளிச்சம்: இணையதளத்துக்கு வண்ணம் தேர்வது எப்படி?

கைத்தறிச் சேலை விற்கும் ஓர் அக்காவுக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். நான் முழுதாக முடித்த முதல் தளம் அதுதான். ‘வாங்க’ என்ற பட்டனுக்கு நல்ல மாம்பழ மஞ்சள் போட்டு, அதன்மேல் வெள்ளையில் எழுத்து வைத்திருந்தேன். என் மேசைக் கணினியில் பளிச்சென்று இருந்தது. இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தார். “தம்பி, சேலையெல்லாம் நல்லாத் தெரியுது. வாங்குறதுக்கு எங்க அமுக்கணும்? மஞ்சளா ஒரு கட்டம் மட்டும் இருக்கு, அதுல ஒண்ணும் எழுதலையே?” கடை வாசலில் வெயிலில் நின்றுகொண்டு, கைபேசியில் பார்த்திருக்கிறார். வெள்ளை எழுத்து மஞ்சளுக்குள் கரைந்து போயிருந்தது.

மஞ்சளை நான் மாற்றவே இல்லை. எழுத்தை மட்டும் கறுப்புக்கு நெருக்கமான ஒரு நிறத்துக்கு மாற்றினேன். சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நிறம் தேர்வதில் ஒரே வரிசையைத்தான் பின்பற்றுகிறேன்: முதலில் எது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று பார்ப்பது. அது சிவப்பா பச்சையா என்பது அதற்கு அப்புறம். நிறச் சக்கரத்தில் தொடங்கிப் பாடம் சொல்கிறவர்கள் அதிகம். வெளிச்சத்தில் தொடங்கினால் பாதித் தவறுகள் வராமலே போய்விடும் என்பது என் அனுபவம். அந்தச் சேலைத் தளத்தையே உதாரணமாக வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் சாம்பலில் முடியுங்கள்

தளம் செய்ய உட்கார்ந்ததும் நிறம் தேடப் போக வேண்டாம். கறுப்பு, வெள்ளை, நடுவில் மூன்று சாம்பல்கள், இவற்றை மட்டும் வைத்து முழுப் பக்கத்தையும் செய்யுங்கள். தலைப்பு, படத்துக்கான இடம், விலை, பட்டன், கீழே முகவரி எல்லாம் அதில் வந்துவிட வேண்டும். பிறகு வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டி, “இதில் முதலில் எதைப் பார்த்தீங்க?” என்று கேளுங்கள். விலையையோ பட்டனையோ சொல்லாமல் மேலே இருக்கும் மெனுவைச் சொன்னால், கோளாறு அமைப்பில் இருக்கிறது. எழுத்தின் அளவையும் இடைவெளியையும் சாம்பலின் அடர்த்தியையும் மாற்றி அதைச் சரிசெய்யுங்கள். சாம்பலில் புரியாத பக்கம் வண்ணத்திலும் புரியாது.

நிறத்தின் மூன்று எண்கள்

திரை தன் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளைக் கலக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 அளவுகள். 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். நீங்கள் பார்த்திருக்கும் #333333 போன்ற ஹெக்ஸ் எண்கள், அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்கள், இந்த மூன்று அளவுகளைத்தான் இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்கின்றன. மூன்றும் சமம், மூன்றும் குறைவு. அதனால் #333333 ஓர் அடர் சாம்பல்.

கணினிக்கு இது வசதி. மனிதருக்கு அவ்வளவு வசதி இல்லை. ‘இந்தச் சிவப்பைக் கொஞ்சம் வெளிறச் செய்ய வேண்டும்’ என்றால் மூன்று எண்களில் எதை எவ்வளவு மாற்றுவது? அதற்குத்தான் எச்எஸ்எல் என்ற இன்னொரு முறை இருக்கிறது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் நேராகவே எழுதலாம். அதிலும் மூன்று எண்கள்தான், ஆனால் நாம் யோசிக்கிறபடியே இருக்கும்.

முதல் எண் ஹியூ. எந்த நிறம் என்பதை ஒரு வட்டத்தின் கோணமாகச் சொல்கிறது. 0-இல் சிவப்பு, 60-இல் மஞ்சள், 120-இல் பச்சை, 180-இல் பச்சையும் நீலமும் சேர்ந்த சியான், 240-இல் நீலம், 300-இல் வாடாமல்லிக்குப் பக்கத்தில் வரும் மெஜந்தா. 360-க்கு வந்தால் மறுபடி சிவப்பு. நிறங்களை இப்படி வட்டமாக அடுக்கும் யோசனை பழையது. நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே அப்படி ஒரு வட்டம் இருக்கிறது.

இரண்டாவது சாச்சுரேஷன். நிறம் எவ்வளவு துலக்கமாக இருக்கிறது என்ற அளவு. 100 சதவீதம் என்றால் புதுச் சாயம் போட்ட மாதிரி. 0 என்றால் முழுச் சாம்பல். நடுவில் இருப்பவை பலமுறை துவைத்த துணி மாதிரி அடங்கியிருக்கும்.

மூன்றாவது லைட்னஸ். 0 கறுப்பு, 100 வெள்ளை. என் கணக்கில் மூன்றிலும் இதுதான் பெரியது.

சின்ன வயதில் ஓவிய வகுப்புக்குப் போனவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். சாயத்தில் சிவப்புக்கு எதிர்ப்பக்கம் பச்சை என்று படித்திருப்பீர்கள். திரையின் வட்டத்தில் சிவப்புக்கு எதிரே சியான், மஞ்சளுக்கு எதிரே நீலம். சாயம் கலக்கக் கலக்க இருட்டாகும், ஒளி கலக்கக் கலக்க வெளிச்சமாகும். திரையில் சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் வருகிறது. இரண்டும் வேறு வேறு கணக்கு, அவ்வளவுதான். எதுவும் தப்பில்லை.

ஒரே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்

அக்கா கடையின் பையும் பெயர்ப்பலகையும் அரக்கு நிறம். அதனால் அரக்கையே முதன்மை நிறமாக எடுத்துக்கொண்டோம். எச்எஸ்எல்லில் 350, 70%, 28%. உங்களுக்கும் இப்படி ஏற்கெனவே ஏதாவது இருக்கும். பெயர்ப்பலகை, லோகோ, பொட்டலத்தின் தாள், விற்கும் பொருள் என்று எதிலிருந்தாவது எடுங்கள். காஞ்சிபுரம் பட்டில் எம்.எஸ். ப்ளூ என்று எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே ஒரு நீலம் இருக்கிறது. மயில்கழுத்து, கிளிப்பச்சை, காப்பிக்கொட்டை என்று நம்மிடம் நிறத்துக்குப் பெயர் குறைவில்லை. ‘ஒரு மாதிரி நீலம்’ என்று தொடங்குவதைவிட இப்படி ஒரு பெயரில் தொடங்கினால் தேடல் சுருங்கும்.

நீலம் நம்பிக்கை, சிவப்பு ஆர்வம் என்று பட்டியல் போடுவதை நான் நம்புவதில்லை. நிறத்தின் பொருள் இடத்துக்கு இடம் மாறும். நம் ஊரில் கறுப்பும் சிவப்பும் பட்டையாகப் போட்டால் கட்சிக்கொடி ஞாபகம் வரும். வேறு நாட்டில் அதே ஜோடி வேறு எதையாவது நினைவூட்டலாம். உங்கள் தளத்தைப் பார்க்கப்போகிறவர் யார் என்று யோசித்து, அவர்களில் இரண்டு பேரிடம் காட்டிக் கேளுங்கள். எந்தப் பட்டியலையும்விட அது பயன்படும்.

சரி, அரக்கு கிடைத்துவிட்டது. இப்போது ஹியூவைத் தொடாமல் மற்ற இரண்டு எண்களை மட்டும் நகர்த்துங்கள். 350, 15%, 15% என்றால் அரக்கின் சாயல் லேசாக ஒட்டியிருக்கும் கிட்டத்தட்டக் கறுப்பு. முக்கிய எழுத்துக்கு இது. 350, 8%, 40% ஒரு சாம்பல். தேதி, துணி அளவு போன்ற சின்ன விவரங்களுக்கு. லைட்னஸ் 28-ஐ 22 ஆக்கினால், பட்டன்மேல் மவுஸ் வரும்போது காட்ட வேண்டிய அடர்ந்த அரக்கு. 350, 40%, 94% ஒரு மெல்லிய ரோஜா. அறிவிப்புக் கட்டத்தின் பின்னணிக்கு. ஒரே நிறத்திலிருந்து ஒரு குடும்பமே வந்துவிட்டது. எல்லாம் ஒரே ஹியூ என்பதால் ஒன்றோடொன்று சண்டை போடாது. முதல் தளத்துக்கு இந்த ஒரு குடும்பமே போதும் என்றுகூடச் சொல்வேன்.

துணை நிறம்

இன்னொரு நிறம் வேண்டுமென்றால் வட்டத்தைப் பாருங்கள். பக்கத்தில் 30 முதல் 60 டிகிரிக்குள் இருப்பவை அமைதியாகச் சேரும். நேர் எதிரே 180 டிகிரியில் இருப்பவை ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். 120 டிகிரி இடைவெளியில் மூன்று நிறம் எடுப்பதும் உண்டு, ஆனால் புதிதாக வருபவர் அதை அடக்கி ஆள்வது சிரமம். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அரக்குச் சேலைக்கு மாம்பழ மஞ்சள் பார்டர் எத்தனையோ காலமாகப் பார்த்துப் பழகிய ஜோடி. வட்டத்தில் 350-க்கும் 42-க்கும் இடையில் 52 டிகிரிதான். ஆனாலும் மஞ்சள் தனியாகத் துள்ளி நிற்பதற்குக் காரணம் கோணம் அல்ல. அரக்கு நல்ல இருட்டு, மஞ்சள் நல்ல வெளிச்சம். மறுபடியும் வெளிச்ச வேறுபாடுதான் வேலை செய்கிறது. 42, 90%, 50% என்ற மஞ்சளை எடுத்துக்கொண்டோம்.

எது எவ்வளவு

வீட்டு உள் அலங்காரத்திலிருந்து வந்த 60-30-10 என்ற வழக்கு ஒன்று உண்டு. சேலையை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். உடல் 60, பார்டரும் முந்தானையும் 30, ஜரிகை 10. ஜரிகையை உடல் முழுக்க இழைத்தால் ஜரிகைக்கு மதிப்பு ஏது? மஞ்சளை அந்த ‘வாங்க’ பட்டனுக்கு மட்டும் வைத்தோம். பக்கத்தில் வேறு எங்கும் மஞ்சள் கிடையாது. அதனால் கண் தானாக அங்கே போகிறது.

ஆனால் 60 சதவீத இடத்தை அரக்குக்குக் கொடுக்கவில்லை. அதை 40, 30%, 97% என்ற கிட்டத்தட்ட வெள்ளையான பின்னணிக்குக் கொடுத்தோம். இதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

மிஷெல் யூஜின் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1824 முதல் பாரிஸில் கோபிலான் நெசவாலையின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். அங்கே நீலம், ஊதாத் துணிகளின் மடிப்பு நிழலுக்கு நெய்த கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அந்தக் கறுப்பைப் பார்க்கும் கண்ணை மாற்றின. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது அதன் அண்டை நிறத்தைப் பொறுத்தது என்று 1839-இல் அவர் ஒரு பெரிய நூலே எழுதினார்.

ஒரு நெசவாலையில் கண்டுபிடித்த இந்த விஷயம் சேலை விற்கும் தளத்துக்கு அப்படியே பொருந்துகிறது. அரக்குப் பின்னணியில் ஒரு கிளிப்பச்சைச் சேலைப் படத்தை வைத்தால் பச்சை இன்னும் ஆவேசமாகத் தெரியும். அதே பின்னணியில் காவி நிறச் சேலை சோர்ந்து போகும். வாங்கியவர் வீட்டில் பிரித்துப் பார்த்து, “போட்டோல வேற மாதிரி இருந்துச்சே” என்பார். விற்கும் பொருளே பல வண்ணமாக இருந்தால் தளம் அடங்கியிருக்க வேண்டும். வெள்ளை, வெளிர் சாம்பல், சாயல் மட்டும் தட்டும் வெள்ளை, இவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். நேர்மாறாக, நீங்கள் கணக்கு எழுதும் சேவையோ வகுப்போ நடத்துகிறவர் என்றால் பக்கத்தில் வேறு வண்ணமே இருக்காது. அங்கே உங்கள் முதன்மை நிறத்துக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம்.

வெளிச்ச வேறுபாட்டை அளந்து பாருங்கள்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு வேண்டும் என்பதற்கு அளவுகோல் இருக்கிறது. இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் டபிள்யூசிஏஜி என்ற விதித்தொகுப்பு அது. 2008-இல் வந்த 2.0 பதிப்பிலும் 2023-இல் வந்த 2.2 பதிப்பிலும் இந்த அளவு மாறவில்லை. இரண்டின் வெளிச்சத்தையும் ஒரு விகிதமாகச் சொல்கிறது: சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1. பெரிய எழுத்துக்கு, அதாவது 24 பிக்சலோ அதற்கு மேலோ, தடித்த எழுத்தானால் ஏறத்தாழ 18.5 பிக்சலுக்கு மேல், 3-க்கு 1. இன்னும் கண்டிப்பான நிலைக்கு 7-க்கு 1. வெள்ளைமேல் முழுக் கறுப்பு 21-க்கு 1. அதற்கு மேல் கிடையாது.

கண் எல்லா ஒளியையும் ஒரே அளவில் பார்ப்பதில்லை. இந்தக் கணக்கில் பச்சை ஒளிக்கு ஏறத்தாழ 71.5 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 சதவீதம்தான் எடை. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. இரண்டையும் கூட்டினால் 92-க்கு மேல். அதனால் சுத்த மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளை அளவு வெளிச்சம். வெள்ளைமேல் சுத்த மஞ்சளில் எழுதினால் வேறுபாடு 1.07 மட்டுமே. சுத்த நீலத்தில் எழுதினால் 8.6. இரண்டுக்கும் எச்எஸ்எல்லில் லைட்னஸ் அதே 50 சதவீதம்! எச்எஸ்எல்லின் பெரிய குறை இது. ஒரே ஹியூவுக்குள் நகரும்போது லைட்னஸை நம்பலாம், நிறம் விட்டு நிறம் ஒப்பிடும்போது நம்பக்கூடாது. இந்தக் குறையைத் தீர்க்க ஓகேஎல்சிஎச் என்ற புதிய முறை 2020-இல் வந்தது, முக்கியமான பிரவுசர்கள் எல்லாம் இப்போது அதைப் புரிந்துகொள்கின்றன. எச்எஸ்எல் கைக்குப் பழகிய பிறகு அதற்குப் போங்கள்.

இப்போது என் முதல் பட்டனுக்கு வருவோம். அந்த மஞ்சள்மேல் வெள்ளை எழுத்து 1.9. அதே மஞ்சள்மேல் அந்த ‘கிட்டத்தட்டக் கறுப்பு’ 8. அக்காவுக்கு ஏன் தெரியவில்லை, பிறகு ஏன் தெரிந்தது என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும். அரக்குமேல் வெள்ளை எழுத்து 10-க்கு மேல் வருகிறது. பின்னணிமேல் முக்கிய எழுத்து 14-க்கு மேல். சின்ன விவரங்களுக்கான சாம்பல் 5.7, பாஸ்தான், ஆனால் அதைவிட வெளிறப் போக நான் துணிய மாட்டேன்.

கணக்கை நீங்கள் போட வேண்டாம். குரோமில் எழுத்தின்மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் என்பதைத் திறங்கள். எழுத்தின் நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். அதை அழுத்தினால் நிறம் தேர்வு செய்யும் பெட்டி வரும். அதிலேயே கான்ட்ராஸ்ட் எண்ணும், அதாவது இந்த வேறுபாட்டின் அளவும், தேறியதா இல்லையா என்பதும் தெரியும். எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஓர் உதாரணம்: வெள்ளைமேல் #767676 என்ற சாம்பல் 4.54, தேறிவிடும். #777777 என்றால் 4.48, தேறாது. கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. அதனால் கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ஞ, ணை போன்றவை சின்ன அளவில் மெல்லிய எழுத்துருவில் வந்தால் சுழிகளின் உள்ளிடைவெளி அடைந்து, எழுத்தே மங்கிப்போகும். விதி 4.5 போதும் என்கிறது. தமிழ் உரைக்கு நான் 7-க்குக் கீழே இறங்குவதில்லை. தவிர்க்க முடியாத சின்ன விவரங்களுக்கு மட்டும் அந்த 5.7 சாம்பல். மெல்லிய ‘லைட்’ வகை எழுத்துருவைத் தவிர்த்து, சாதாரண தடிமன் எழுத்தையே வைக்கிறேன்.

நிறம் மட்டும் செய்தி சொல்லக்கூடாது

அதே தளத்தில் இருப்பு உள்ள சேலைக்குப் பச்சைப் புள்ளி, விற்றுவிட்டதற்குச் சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். ஒரு பெரியவர் விற்றுப்போன சேலையையே திரும்பத் திரும்பக் கேட்டு அழைத்தார். அவருக்கு அந்த இரண்டு புள்ளியும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாமல் பிறப்பவர்கள் ஆண்களில்தான் அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு இப்படி. புள்ளியை எடுத்துவிட்டு ‘இருக்கிறது’, ‘விற்றுவிட்டது’ என்று வார்த்தையில் எழுதினேன். விற்றுப்போன படத்தை மங்கலாக்கினேன். நிறமும் இருக்கட்டும், ஆனால் அதோடு ஒரு சொல்லோ குறியோ எப்போதும் இருக்க வேண்டும்.

முதன்மை நிறமே சிவப்பு வகையாக இருந்தால் இன்னொரு சிக்கல். பிழைச் செய்தியும் சிவப்பு, பட்டனும் சிவப்பு என்றால், ஆர்டர் போட வந்தவர் ஏதோ தப்பு நடந்துவிட்டதாகப் பதறுவார். நாங்கள் பிழைச் செய்திக்கு ஒரு முக்கோணக் குறியும், ‘போன் எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்ற தெளிவான வரியும் வைத்தோம். உரைக்குள் வரும் இணைப்புகளுக்கு அடிக்கோட்டை எடுக்காதீர்கள். அடிக்கோடு இருந்தால் இணைப்பு எந்த நிறத்தில் இருந்தாலும் இணைப்பு என்று தெரியும்.

குரோமின் அதே இன்ஸ்பெக்ட் கருவியில் இருக்கும் ரெண்டரிங் பகுதியில், நிறப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கம் எப்படித் தெரியும் என்று போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. நிறமே இல்லாமல் பார்க்கும் தேர்வும் அதில் உண்டு. முதலில் சாம்பலில் செய்த பக்கத்துக்கு அப்படியே திரும்பிப் போனது மாதிரி இருக்கும். அங்கே ‘வாங்க’ பட்டன் இன்னும் தனித்துத் தெரிகிறதா என்று பாருங்கள்.

நிறங்களுக்கு வேலையின் பெயரை வையுங்கள்

சிஎஸ்எஸ்ஸில் நிறங்களை மாறிகளாக, அதாவது பெயர் சூட்டிய மதிப்புகளாக, ஒரே இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பிரவுசர் ஏற்றுக்கொள்ளும்: --பின்னணி, --எழுத்து, --முதன்மை, ‘வாங்க’ பட்டனுக்கு --அழைப்பு என்பது போல. ‘--மஞ்சள்’ என்று மட்டும் வைக்காதீர்கள். அடுத்த வருடம் அக்கா பச்சை வேண்டும் என்றால் மஞ்சள் என்ற பெயருக்குள் பச்சை உட்கார்ந்திருக்கும்.

இருண்ட தோற்றம் (டார்க் மோட்) சேர்க்கும்போது இந்தப் பெயர்களின் அருமை தெரியும். கூகுளின் மெட்டீரியல் என்ற வடிவமைப்பு வழிகாட்டி இருண்ட பின்னணிக்கு முழுக் கறுப்புக்குப் பதில் #121212 என்ற அடர் சாம்பலைச் சொன்னது, அதிலேயே தொடங்கலாம். வெள்ளையில் கம்பீரமாக இருந்த அரக்கு எழுத்து அதன்மேல் 1.7-க்கு விழுந்துவிடுகிறது. மஞ்சளோ 9.6-க்கு ஏறுகிறது. இருட்டில் தலைப்புகளையும் இணைப்புகளையும் மஞ்சளுக்குக் கொடுத்துவிட்டு, அரக்கின் லைட்னஸை நன்றாக ஏற்றி ரோஜா பக்கம் கொண்டுவந்தோம். நிறங்களைத் தலைகீழாக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒவ்வொரு ஜோடியையும் மறுபடி அளக்க வேண்டும்.

வெயிலில் ஒரு தடவை

எல்லாம் முடிந்ததும், கடையிலேயே நிறைய வண்ணம் உள்ள சேலையின் பக்கத்தைக் கைபேசியில் திறந்துகொள்ளுங்கள். திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். நண்பகல் வெயிலில் வாசலுக்குப் போய், கையை நீட்டிப் பிடித்து விலையையும் பட்டன் எழுத்தையும் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் உள்ளே வந்து எழுத்தின் லைட்னஸை 5 குறைத்துவிட்டு, மறுபடி வாசலுக்குப் போங்கள்.